ஸ்கீ முகாமிலிருந்து வரும் படங்கள்: அம்மம்மாவுக்கு அனுப்பலாமா?

பேர்ண்_அம்மா
செவ்வாய், இரவு 11.10

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீண்ட பதிவுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் இங்கே சுவிஸில் ஆறாம் வகுப்பு. நேற்றுக் காலை ஏழேகாலுக்குப் பள்ளிக்கூட வாசலில் பஸ் ஏற்றிவிட்டு வந்தோம், ஸ்கீ (பனிச்சறுக்கு) முகாம், வெள்ளி பின்னேரம்தான் திரும்பி வருவாள். வீட்டை விட்டு நாலு இரவு தனியாக இருப்பது இதுதான் முதல் தடவை. என் பக்கத்திலும் சரி, இவருடைய பக்கத்திலும் சரி, ஸ்கீ பலகையில் கால் வைத்த ஆள் யாரும் இல்லை. அதனால் அங்கே எது வழக்கம், எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு ஒருவரும் இல்லை.

நவம்பரில் நடந்த பெற்றோர் கூட்டத்திலேயே வகுப்பாசிரியர் சொல்லிவிட்டார், பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, வீட்டுக்கும் எடுக்க முடியாது, அதற்குப் பதிலாக ஒவ்வொரு இரவும் கடவுச்சொல் போட்ட ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து படமும் நாலைந்து வரியும் போடுவோம் என்று. நேற்று இரவு பத்தரைக்கு முதல் படங்கள் வந்தன, மொத்தம் 14. கடைசி ஒன்றைத் தவிர மற்றதிலெல்லாம் பிள்ளைகள் ஹெல்மெட், பனிக்கண்ணாடி, கழுத்துவரை மூடிய ஜாக்கெட், அதற்கு மேல் ஒரே மாதிரிப் பச்சை மேலங்கி. யார் யார் என்றே தெரியவில்லை. மகளுக்கு வாடகைக்கு எடுத்த ஹெல்மெட் வெள்ளை, ஆனால் வகுப்பில் வெள்ளை ஹெல்மெட் மட்டும் ஏழு இருக்கிறது. ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, ஒன்பதாவது படத்தில் இடது கையுறையில் நான் கட்டிவிட்ட சிவப்பு நூலைக் கண்டுதான் பிள்ளையைப் பிடித்தேன். பெயர் எழுதினால் அழிந்துவிடும் என்று ஞாயிறு இரவு கட்டிய நூல் அது. அதைப் பார்த்த பிறகுதான் நித்திரை வந்தது.

இனிப் பிரச்சினைக்கு வருகிறேன். அந்த 14இல் நாலு படத்தை எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாழ்ப்பாணத்தில் அம்மம்மா, லண்டனில் சித்தி, டொரன்டோவில் பெரியப்பா குடும்பம் என்று 38 பேர் இருக்கிற குழு. அம்மம்மாவுக்கு 76 வயது, பனியைக் கண்ணால் கண்டதில்லை, "பிள்ளைக்குக் குளிராதோ, கை விறைக்காதோ" என்று ஒரு வாரமாகக் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறா. சித்தி அதில் ஒரு படத்தை எடுத்துத் தன் பேஸ்புக்கில் போட்டு என்னையும் இணைத்துவிட்டா. அந்தக் கடைசிப் படம்தான், மகளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தேநீர் குடிக்கிற படம், முகம் தெளிவாகத் தெரிகிறது. அதில் ஒரு பிள்ளையின் அம்மா எனக்கு பேஸ்புக் நண்பர். இன்று மத்தியானம் அவரிடமிருந்து செய்தி வந்தது, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார், ஆனால் இரண்டாவது வரியிலேயே தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று. சித்தி உடனே எடுத்துவிட்டா. ஆனாலும் "எல்லாரும் சிரித்துக்கொண்டுதானே நிற்கிறார்கள், இதில் என்ன குற்றம்" என்று அவவுக்கு மனத்தாங்கல்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். எந்தப் படத்தை யாருக்கு அனுப்பலாம்? அம்மம்மாவுக்குக்கூட அனுப்பக் கூடாதா? அடுத்தது, இன்றைய படங்களில் மகள் ஒன்றிலும் இல்லை. 11 படமும் மூன்று முறை பார்த்துவிட்டேன், சிவப்பு நூல் எங்கும் இல்லை. ஆசிரியருக்கு எழுதிக் கேட்கலாமா?


ஆறாவ்_அப்பா
செவ்வாய், இரவு 11.52

அக்கா, முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறேன், நீங்கள் இன்றிரவு நித்திரை கொள்ள வேண்டும். படத்தில் பிள்ளை இல்லையென்றால் ஒன்றும் நடக்கவில்லை என்று அர்த்தம். என் மூத்தவன் மூன்று முகாம் போய்விட்டான், இளையவள் ஒன்று. ஏதாவது நடந்தால் படம் வராது, போன் வரும், அதுவும் உடனே வரும். இளையவளுக்கு 38.5 காய்ச்சல் என்று இரவு ஒன்பதுக்கு எடுத்துச் சொன்னார்கள், மருந்து கொடுக்கலாமா என்று கேட்டார்கள், அடுத்த நாள் காலையும் எடுத்தார்கள். போன் வராத இரவு நல்ல இரவு.

படம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் சின்னது. அங்கே பிள்ளைகளைத் தரம் பார்த்துக் குழுவாகப் பிரிப்பார்கள். முதல் தடவை ஸ்கீ ஓடுகிறவர்கள் அடிவாரத்தில், மந்திரக் கம்பளம் என்று சொல்கிற நகரும் பட்டையில் மேலே போய் மெதுவாக இறங்கிப் பழகுவார்கள். ஓடத் தெரிந்தவர்கள் மேலே நீலச் சரிவிலும் (லேசானது) சிவப்புச் சரிவிலும் (அதைவிடச் செங்குத்தானது) இருப்பார்கள். படம் எடுக்கிறவர் இன்று எந்தக் குழுவோடு போனாரோ அந்தப் பிள்ளைகள்தான் வருவார்கள். நாளைக்கு உங்கள் மகளின் குழு வரும்.

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தன்னுடைய படம் எங்கே போகலாம் என்று முடிவு செய்கிற உரிமை இங்கே அந்த ஆளுக்கே உரியது, சிவில் சட்டத்தின் 28ஆம் பிரிவின் கீழ் வருகிறது. 2023 செப்டம்பர் 1 முதல் புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, ஆனால் அரச பள்ளிக்கூடங்களுக்குப் பொருந்துவது அந்தந்த மாநிலத்தின் சட்டம், அதனால்தான் பள்ளிக்கூடம் முன்கூட்டியே படிவம் தந்து கையெழுத்து வாங்குகிறது. அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். அநேகமாக, கடவுச்சொல் உள்ள பக்கத்தில் வகுப்புப் பெற்றோர் பார்ப்பதற்கு என்றுதான் எழுதியிருக்கும். அந்த மற்ற அம்மா கையெழுத்துப் போட்டது அதற்கு மட்டும்தான், லண்டன் பேஸ்புக்குக்கு இல்லை. அவர் கேட்டதில் பிழை இல்லை, நீங்களும் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு மன்னிப்பு எழுதிவிடுங்கள், இவர்கள் அதைப் பெரிதாக மதிப்பார்கள்.

நான் செய்வது இதுதான். மகன் மட்டும் இருக்கிற படத்தைத் தேடுவேன், இல்லாவிட்டால் வெட்டி அவனை மட்டும் எடுப்பேன். பின்னால் ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டபடி யாராவது நின்றால் யாரென்று அடையாளம் தெரியாது, அது பரவாயில்லை. அதை 38 பேர் குழுவில் போடாமல் அம்மாவுக்கு மட்டும் தனியாக அனுப்புவேன், "அம்மா, இது உங்களுக்கு மட்டும்" என்று ஒரு வரி எழுதி. பெரிய குழுவில் போட்டால் அது யாருடைய கையில் எங்கே போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. நீங்கள் இன்று கண்டது அதைத்தான்.


சூரிச்_மாமி
புதன், காலை 6.35

தம்பி சொல்வது சரிதான், சட்டத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் பிள்ளை, உங்கள் சித்தியின் மனத்தாங்கலையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

எனக்கு 12 வயதில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. 95 ஒக்டோபர் யாழ்ப்பாண இடம்பெயர்வில் வீட்டிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் கடந்தோம், அம்மா அடையாள அட்டையையும் காணி உறுதியையும் எடுத்தா, அல்பம் அலுமாரியின் மேல் தட்டில் இருந்தது. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. என் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, தங்கச்சியின் முதலாவது பிறந்தநாள், அப்பப்பா சாய்மனைக் கதிரையில் இருக்கிற ஒரே படம், எல்லாம் போய்விட்டது. எங்கள் தலைமுறைக்கு ஒரு பிள்ளையின் படம் கைக்கு வந்தால் அதைப் பத்து இடத்தில் வைக்க வேண்டும் என்று கை துடிக்கும், ஒரு இடத்தில் தொலைந்தாலும் இன்னொரு இடத்தில் இருக்கட்டும் என்று. பெருமை காட்டுவதற்காக மட்டும் பேஸ்புக்கில் போடுகிறோம் என்று இங்கே வளர்ந்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை.

அதனால் அம்மம்மாவுக்கு அனுப்பாமல் விடாதீர்கள். தம்பி சொன்ன மாதிரி வெட்டி அனுப்புங்கள், ஆனால் அனுப்புங்கள். முடிந்தால் இரண்டு மூன்று படத்தை அச்சடித்துத் தபாலில் போடுங்கள். என் அம்மாவுக்கு நான் அப்படித்தான் அனுப்பினேன், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தா, கடைசிவரை அங்கேதான் இருந்தது.


பனி_லைட்டர்
புதன், இரவு 11.40

வணக்கம் அக்கா, மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், ஜே பிளஸ் எஸ் (அரசின் இளைஞர் விளையாட்டுத் திட்டம்) ஸ்கீ பயிற்சி முடித்து ஐந்து வருடமாகப் பள்ளி முகாம்களில் குழுப் பொறுப்பாளராகப் போகிறேன். அந்த இரவுப் படங்களைப் போடுகிற ஆள் பெரும்பாலும் நான்தான். அந்தப் 14 படம் எப்படி வருகிறது என்று சொன்னால் உங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

காலை ஏழுக்கு எழுப்புவோம். ஒன்பதுக்குச் சரிவில் நிற்க வேண்டும், அதற்குள் 40 பிள்ளைகளுக்கும் சப்பாத்துப் பூட்டு இறுக்கிவிட வேண்டும், அதில் பத்துப் பேருக்கு இடமும் வலமும் மாறியிருக்கும், நாலு பேர் கையுறையைத் தேடுவார்கள், ஒருவர் எல்லாம் போட்டு முடித்த பிறகு கழிவறைக்குப் போக வேண்டும் என்பார். சரிவில் என் கையில் எட்டுப் பிள்ளைகள். படம் எடுக்க வேண்டுமென்றால் நின்று, கையுறையைக் கழற்றி, உள்பையிலிருந்து போனை எடுக்க வேண்டும். வெளிப்பையில் வைத்தால் குளிரில் மின்கலம் அரைவாசி இருக்கும்போதே அணைந்துவிடும். அந்த நேரத்தில் என் கண் எட்டுப் பிள்ளைகளை விட்டு விலகுகிறது. அதனால் எல்லாரும் வரிசையாக நிற்கிற இடத்தில் மட்டும்தான் எடுப்பேன், லிஃப்டின் கீழே, தேநீர் இடைவேளையில், மலை உச்சிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில். ஓடும்போது எடுத்த நல்ல படம் ஏன் இல்லை என்று பெற்றோர் கேட்பார்கள். நான் போனைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுதான் காரணம்.

இரவு உணவு முடிந்து, விளையாட்டு முடிந்து, ஈரக் கையுறை எல்லாவற்றையும் காயப்போட்டு, வீட்டு ஞாபகத்தில் அழுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கதைத்து, பத்து மணிக்குப் பிறகுதான் படம் பார்க்க உட்காருவோம். நாங்கள் தங்குகிற இடம் சில வருடம் நிலத்துக்குக் கீழே இருக்கிற பாதுகாப்புப் பங்கர், அங்கே சிக்னல் இல்லை, படியேறி வெளியே வந்து நின்று ஏற்றுவேன். 60, 70 படம் இருக்கும். அதில் கட்டிலில் இருக்கிற படம், நித்திரை கொள்கிற படம், அழுகிற முகம், பல் துலக்குகிற படம், இவற்றை முதலிலேயே அழித்துவிடுவோம். படிவத்தில் வேண்டாம் என்று எழுதிய பெற்றோரின் பிள்ளைகள் போன முகாமில் மூன்று பேர் இருந்தார்கள், அவர்கள் உள்ள படமும் போகாது. மிஞ்சுவதுதான் நீங்கள் பார்க்கிற பதினொன்றும் பதினாலும்.

ஒரு விஷயம் மட்டும் எல்லாப் பெற்றோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். சில வருடத்துக்கு முன் ஒரு முகாமில் (இடமும் பள்ளிக்கூடமும் வேண்டாம்) பிள்ளைகளிடம் போன் இருந்தது. ஒரு பெண்பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்தது, மீட்புக் குழு வந்து மஞ்சள் சறுக்கு வண்டியில் படுக்கவைத்துக் கட்டிக் கீழே கொண்டுபோனது. நாங்கள் பிள்ளையோடு நிற்கிறோம், வைத்தியரிடம் கதைத்துவிட்டு அம்மாவுக்கு எடுக்கலாம் என்று இருக்கிறோம், அதற்குள் வகுப்புப் பிள்ளை ஒருவன் அந்த வண்டியைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட்டுவிட்டான். அந்த அம்மா வேலை செய்கிற கடையின் காசாளர் மேசையில் நின்றபடி அந்தப் படத்தைத்தான் முதலில் பார்த்தார். முகம் மூடிக் கட்டியிருக்கிறது, பிள்ளைக்கு என்ன ஆனது என்று தெரியாது, நாங்கள் எடுத்தபோது அவரால் ஒரு சொல் பேச முடியவில்லை. முறிவு சின்னது, ஐந்து கிழமையில் ஆறிவிட்டது. ஆனால் அந்த அம்மாவின் அந்தக் குரல் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் எங்கள் முகாமில் போன் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். பெற்றோர் கூட்டத்தில் கோபிக்கிறவர்களுக்கு இந்தக் கதையை நான் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன்.

ஆசிரியருக்கு எழுதலாமா என்று கேட்டீர்கள். பிள்ளைக்கு மருந்து, ஒவ்வாமை, இரவில் பயம் என்று ஏதாவது இருந்தால் தயங்காமல் எழுதுங்கள், எங்களுக்கு அது உதவி. படத்துக்காக மட்டும் என்றால் இரண்டு நாள் பொறுங்கள். எல்லாப் படமும் முகாம் முடிந்து ஒரு வாரத்தில் வரும். நாங்கள் சுவிஸ்ட்ரான்ஸ்ஃபர் என்கிற கோப்பு அனுப்பும் தளத்தில் கடவுச்சொல் போட்டு அனுப்புகிறோம், 30 நாளில் அந்த இணைப்புத் தானாக அழிந்துவிடும், அதனால் வந்தவுடன் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த இணைப்பைத் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், கடவுச்சொல்லையும் சேர்த்து அனுப்பினால் பிறகு பூட்டுப் போட்டு என்ன பயன்.


புதிதாக_வந்தவர்
வியாழன், மதியம் 12.20

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகனுக்கு அடுத்த வருடம் வரும் என்று சொல்கிறார்கள். இதற்கு எவ்வளவு காசு கட்ட வேண்டும்? ஸ்கீ உடுப்பு, பலகை எல்லாம் வாங்க வேண்டுமா? எங்களால் முடியுமோ தெரியவில்லை, அனுப்பாமல் விடலாமா என்று யோசிக்கிறோம்.


ஆறாவ்_அப்பா
வியாழன், மதியம் 12.58

அண்ணா, காசுக்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். பாட நேரத்தில் நடக்கிற கட்டாய முகாம் என்றால் பெற்றோரிடம் சாப்பாட்டுச் செலவு மட்டும்தான் கேட்கலாம் என்று 2017 டிசம்பரில் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது, பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங் வரை. விடுமுறையில் விருப்பப்பட்டுப் போகிற முகாம் வேறு, அதற்குக் கூடக் கேட்பார்கள், அப்படி வந்தால் பள்ளிக்கூடத்திலும் உள்ளூராட்சியிலும் உதவி இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பலகையும் சப்பாத்தும் ஒருபோதும் புதிதாக வாங்காதீர்கள், பிள்ளை வளர்ந்துவிடும், வாடகைக்கு எடுங்கள். காற்சட்டையும் ஜாக்கெட்டும் இலையுதிர் காலத்தில் நடக்கிற பழைய ஸ்கீச் சாமான் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கும். ஹெல்மெட்டை மட்டும் அடிபட்டது வாங்க வேண்டாம், அளவானதை வாடகைக்கு எடுங்கள்.


லுட்சேர்ன்_தங்கச்சி
வியாழன், இரவு 8.15

இதுவரை எழுதிய எல்லாரும் அம்மா அப்பா, மாமி, பொறுப்பாளர். படத்தில் இருக்கிற பிள்ளையாக நான் எழுதுகிறேன். இப்போது எனக்கு 22 வயது.

ஏழாம் வகுப்பில் முகாமுக்குப் போனேன். வகுப்பில் அதுவரை ஸ்கீ ஓடாத இரண்டு பேரில் நான் ஒருத்தி, மற்றவர்கள் மூன்று வயதிலிருந்து ஓடுகிறார்கள். இரண்டாம் நாள் ஆங்கில 'T' எழுத்துப் போன்ற தடியை முதுகுக்குக் கீழே முட்டுக்கொடுத்து இழுபட்டுப் போகிற லிஃப்டில் நடுவழியில் விழுந்துவிட்டேன், ஒரு பலகை கழன்று கீழே ஓடுகிறது, நான் நாலு காலில் பாதையை விட்டு விலகப் பார்க்கிறேன், முகம் முழுக்கப் பனி. பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள், பொறுப்பாளரும் நல்ல மனத்தோடுதான் அதைப் படம் எடுத்தார், இரவு பக்கத்திலும் போட்டார். அம்மாவுக்கு அந்தப் படம் சரியான விருப்பம். எனக்குச் சொல்லாமலே கனடா மாமா வீட்டுக்கு, பிரான்ஸ் அத்தை வீட்டுக்கு எல்லாம் அனுப்பிவிட்டா. நான் வீட்டுக்கு வந்து சேர முன்னரே அந்தப் படம் எல்லா இடமும் போய்விட்டது. அந்த வருடக் கோடையில் ஒரு கலியாண வீட்டில், எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் "ஓ, பனியில் தவழ்ந்த பிள்ளை இதுதானா" என்று கேட்டார். நான் அன்று சாப்பிடாமல் காருக்குள் போய் இருந்தேன்.

அம்மா என்னைக் கேட்டிருந்தால் நான் வேறு படம் தந்திருப்பேன். நாலாம் நாள் நீலச் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவையும் விழாமல் ஓடி முடித்தேன், கீழே வந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் ஒன்று இருக்கிறது. அதை யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் முதல் படமே எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

விவரம் புரிகிற வயது வந்த பிள்ளைக்குத் தன் படத்தைப் பற்றித் தானே சொல்கிற உரிமை இந்த நாட்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, அம்மா அப்பாவின் கையெழுத்து மட்டும் போதாது. ஆனால் நான் சட்டத்துக்காக இதை எழுதவில்லை. அக்கா, உங்கள் மகளுக்கு 12 வயது இருக்கும். வெள்ளிக்கிழமை வரட்டும், பக்கத்தில் இருத்தி எது அனுப்பலாம் என்று அவளையே கேளுங்கள். மாமி, உங்கள் அல்பக் கதை படித்து எனக்குக் கண் கலங்கியது, என் அம்மாவும் ஒருவேளை அதனால்தான் அப்படிச் செய்திருப்பா என்று இன்றுதான் முதல் தடவை நினைத்தேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.


சூரிச்_மாமி
வியாழன், இரவு 9.02

மகள், கேட்டிருக்க வேண்டும், நீங்கள் சொல்வது சரி. என் பேரனுக்கு இப்போது எட்டு வயது. இனிமேல் நானும் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவேன். அந்தக் கை தூக்கிய படம் இன்னும் இருந்தால் அம்மாவிடம் காட்டுங்கள்.


பேர்ண்_அம்மா
ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. மகள் வெள்ளி நாலரைக்கு வந்து இறங்கினாள். முகம் கண்ணாடி போட்ட இடம் தவிர மற்றதெல்லாம் கறுத்துப்போயிருக்கிறது, மூக்கில் தோல் உரிகிறது, காலில் சப்பாத்துத் தேய்த்த புண், பையில் அரைவாசி உடுப்பு வேறு யாருடையதோ. ஒரு கையுறை தொலைந்துவிட்டது, சிவப்பு நூல் கட்டியதுதான். செவ்வாய்க்கிழமைப் படங்களில் அவள் ஏன் இல்லை என்று கேட்டேன். படத்தில் இருந்தாளாம். அன்றே கையுறையைத் தொலைத்துவிட்டு, பொறுப்பாளர் தந்த நீலக் கையுறையைப் போட்டிருக்கிறாள், நான் நூலைத் தேடிக்கொண்டு பிள்ளையைத் தவறவிட்டிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். உடனே பதில் வந்தது, பரவாயில்லை என்று, அதோடு அவருடைய மகளும் என் மகளும் ஒரே அறையில் மேல் கட்டிலிலும் கீழ்க் கட்டிலிலும் படுத்தார்களாம், ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.

தங்கச்சி சொன்னபடி நேற்று மகளை இருத்திக் கேட்டேன். பக்கத்தில் போட்ட படங்கள் எல்லாம் சேர்த்து 53 இருந்தது. நான் தேநீர் குடிக்கிற படத்தைத்தான் எடுப்பாள் என்று நினைத்தேன், அதைத் தொடவே இல்லை, அதில் தன் தலைமயிர் வடிவாக இல்லையாம். மூன்று படம் எடுத்தாள். ஒன்றில் அவள் மட்டும், வியாழக்கிழமை ஓட்டப் போட்டியில் 17ஆம் எண் கட்டிக்கொண்டு இறங்குகிறாள். ஒன்றில் ஆளே இல்லை, வரிசையாகப் பனியில் குத்தி நிறுத்திய பலகைகள், பின்னால் மலை. இன்னொன்று சாப்பாட்டு மேசை, மக்கரோனியும் உருளைக்கிழங்கும் சீஸும் கலந்த பெரிய தட்டு, பக்கத்தில் அப்பிள் கூழ், அதை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டாளாம். வீட்டில் சீஸ் தொடாத பிள்ளை. சித்திக்கும் இந்த மூன்றையும் அனுப்பச் சொல்லிவிட்டாள், ஆனால் பேஸ்புக் வேண்டாம் என்று தானே குரல் செய்தி போட்டாள்.

இன்று காலை வீடியோவில் அம்மம்மாவை எடுத்தோம். படத்தைக் காட்ட முன்னரே அம்மம்மா கையைக் காட்டச் சொன்னா, விரல் பத்தும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தா. அப்புறம் அந்த 17ஆம் எண் படத்தைக் காட்டினோம். "இவ்வளவு சரிவில் எப்படியம்மா நிற்பாட்டுறது" என்று கேட்டா. மகள் எழுந்து நின்று, குதிக்கால் இரண்டையும் வெளியே தள்ளி முன்விரல்களைச் சேர்த்துக் காட்டினாள், இதுதான் பீட்சா அம்மம்மா, பீட்சாத் துண்டு மாதிரிக் கால் வைத்தால் நிற்கும், நேராக வைத்தால் அது பொம்ஃப்ரிட், நீளமாக வெட்டின உருளைக்கிழங்குப் பொரியல் மாதிரி, அப்போது வேகமாகப் போகும் என்று. அம்மம்மாவுக்கு பீட்சா என்ன என்பதே சரியாகத் தெரியாது. போனை மேசையில் சாய்த்து வைக்கச் சொல்லி, மகளின் கால் தெரிகிற மாதிரி, இன்னொரு தடவை செய்து காட்டு என்றா.